விந்தின் தரமும் ஆண் கருவளமும்

கருவை உண்டாக்க ஓர் ஆணின் உடலுக்குள்ள திறன் ஆண் கருவளம் எனப்படும். விந்தின் அளவு, அதிலுள்ள விந்தணுக்களின் எண்ணிக்கை, அவை நீந்தும் விதம், வடிவம், உயிர்ப்பு, அவை சுமக்கும் மரபுப் பொருள் சிதையாதிருத்தல் ஆகியவற்றை வைத்து விந்தின் தரம் கணிக்கப்படுகிறது. கருத்தடை ஏதுமின்றி ஓராண்டு கூடி வாழ்ந்தும் கரு தங்காத நிலையை மருத்துவம் கருவளக் குறைவு என்று கொள்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட கணக்குப்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் வாழ்நாளில் இந்நிலையைச் சந்திக்கிறார். அத்தகைய தம்பதிகளில் சுமார் பாதிப் பேரிடம் ஆண் சார்ந்த காரணம் தனித்தோ, பெண் சார்ந்த காரணத்தோடு சேர்ந்தோ காணப்படுகிறது. ஆனாலும் தமிழ்க் குடும்பங்களில் கிளினிக் படியை முதலில் ஏறுபவர் பெரும்பாலும் மனைவிதான். மலேசியாவின் பினாங்கில் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலுக்குக் கரும்புத் தொட்டிலில் பிள்ளையைச் சுமந்து வரும் தம்பதிகள் பிள்ளை வரத்துக்கான நேர்த்திக்கடனை இருவருமாகவே செலுத்துகிறார்கள். பரிசோதனைக்கு மட்டும் ஒருவரே போவது காலத்தை வீணாக்கும் வழக்கம்.

விந்தணுக்கள் விரைகளிலுள்ள நுண்குழல்களில் உருவாகின்றன. மூல உயிரணு ஒன்று விந்தணுவாக மாற ஏறத்தாழ 70 நாள் ஆகிறது. பின்னர் அது விரையை ஒட்டிச் சுருண்டு கிடக்கும் குழாயில் ஒன்றிரண்டு வாரம் தங்கி நீந்தும் திறனைப் பெறுகிறது. ஆகவே இன்று கொடுக்கும் மாதிரி காட்டுவது கடந்த மூன்று மாத உடல்நிலையை. டிங்கி போன்ற கடுங்காய்ச்சல் வந்து போனவரின் எண்ணிக்கை சில வாரங்களுக்குப் பின் சரிந்து, மறுபடி ஏறுவது இதனால்தான். சோதனைக்கு வருபவரிடம் அண்மைக் காய்ச்சலைப் பற்றிக் கேட்பது டிங்கி பரவும் பினாங்கு போன்ற ஊரில் சம்பிரதாயக் கேள்வி அல்ல. விரைகள் உடலின் உள்வெப்பத்தைவிட 2 முதல் 4 செல்சியஸ் பாகை குளிர்ந்திருந்தால்தான் உற்பத்தி ஒழுங்காக நடக்கும். அவை உடலுக்கு வெளியே பையில் அமைந்திருப்பதும் அதற்காகவே.

சோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் வரை விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். கிருமி நீக்கிய, வாய் அகன்ற புட்டியில், சோப்போ எண்ணெயோ கலக்காமல், சாதாரண ஆணுறையைப் பயன்படுத்தாமல் மாதிரி எடுக்கப்படுகிறது. ஆய்வகத்தை ஒட்டிய தனியறையில் எடுப்பது நல்லது. வீட்டில் எடுத்தால் உடல் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். ஒரே ஆணின் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் பெரிதும் மாறுவதால், முதல் முடிவு குறைவாக இருந்தால் சில வாரம் கழித்து மீண்டும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வதில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் இச்சோதனைக்கான கையேட்டை முதன்முதலாக 1980இல் வெளியிட்டது. ஆறாம் பதிப்பு 2021இல் வந்தது. அதன்படி கீழ்வரம்புகள்: விந்தின் அளவு 1.4 மில்லிலிட்டர், ஒரு மில்லிலிட்டரில் 1.6 கோடி விந்தணு, மொத்தம் 3.9 கோடி, அசைபவை 42 விழுக்காடு, முன்னோக்கி நீந்துபவை 30 விழுக்காடு, இயல்பான வடிவம் 4 விழுக்காடு. நூற்றில் நான்கு மட்டுமே நல்ல வடிவம் என்று படிப்பவர்கள் பதறுகிறார்கள்; பதறத் தேவையில்லை, மனித விந்தின் இயல்பே அதுதான். இந்த எண்கள் சராசரிகள் அல்ல, நலத்துக்கும் குறைக்கும் நடுவே போட்ட கோடும் அல்ல. ஓராண்டுக்குள் தந்தையாகும் வாய்ப்புப் பெற்ற ஆண்களின் முடிவுகளை வரிசைப்படுத்தினால் கீழிருந்து ஐந்தாம் விழுக்காட்டில் நிற்கும் மதிப்புகள் இவை. வரம்புக்குக் கீழே இருந்தும் தந்தையானவர் பலர். மேலே இருந்தும் ஆகாதவரும் உண்டு.

குறைகளுள் அடிக்கடி காணப்படுவது விரைச் சிரைகள் புடைத்துச் சுருளும் நிலை. ஆண்களில் சுமார் 15 விழுக்காட்டினரிடம் இருக்கும் இது, கருவளக் குறைவுள்ள ஆண்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரிடம் தென்படுகிறது. விந்தில் ஓர் அணுவும் இல்லாத நிலை நூறு ஆண்களில் ஒருவருக்கு உண்டு. அதிலும் உற்பத்தி நடந்து வழி அடைபட்டிருப்பது வேறு, உற்பத்தியே நடவாதது வேறு. சிகிச்சையின் போக்கு இந்த வேறுபாட்டைப் பொறுத்தது. கூடுதல் எக்ஸ் குரோமோசோம் கொண்ட கிளைன்ஃபெல்டர் நிலை, ஒய் குரோமோசோமில் சிறு துண்டுகள் விடுபடுதல், சிறுவயதில் விரை இறங்காமை, பருவமடைந்தபின் வந்த பொன்னுக்குவீங்கி ஆகியவையும் காரணங்கள். தசை வளர்க்க ஜிம்மில் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஆண்மையைக் கூட்டுவதாக நம்பப்படுகிறது. உண்மையில் வெளியிலிருந்து வரும் ஹார்மோனைக் கண்ட மூளை விரைகளுக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிட, விந்தணு உற்பத்தி அடங்கிப்போகிறது. ஊசியை நிறுத்திய பின் மீள மாதங்கள் பிடிக்கும்.

பினாங்கைப் பொறுத்தவரை பொது உடல்நலமே பெரிய கேள்வி. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்தது. இந்தியரிடையே அது 30 விழுக்காட்டைத் தாண்டியது. நெடுநாள் இனிப்பு நீர் நரம்புகளைத் தாக்கும்போது விந்து வெளிவராமல் சிறுநீர்ப்பைக்குள் திரும்பிவிடலாம். விந்தணுவின் மரபுப் பொருளும் சிதையலாம். அதே ஆய்வு ஆண்களில் சுமார் 40 விழுக்காட்டினர் புகைப்பதாகக் காட்டியது. புகை எண்ணிக்கையையும் அசைவையும் குறைக்கிறது. உடற்பருமன் ஹார்மோன் சமநிலையைக் குலைக்கிறது. தொழில்சார்ந்த வெப்பமும் சேர்கிறது: நாசி கண்டார் சமையற்கட்டு, ரொட்டி சானாய் கல், வெல்டிங் பட்டறை, லாரி ஓட்டுநர் இருக்கை. இவ்வேலைகளில் இருப்போர் எல்லாருக்கும் குறை வரும் என்பதில்லை; வேறு காரணம் அகப்படாதபோது மருத்துவர் கேட்க வேண்டிய செய்தி இது.

விந்தைப் பாதிக்கும் வேதிப்பொருள்களின் வரலாற்றில் பினாங்குக்கு ஒரு தனித் தொடர்பு உண்டு. 1977இல் கலிபோர்னியாவின் லாத்ரோப் ஊரிலிருந்த பூச்சிமருந்து ஆலைத் தொழிலாளர்கள், தங்களுக்குக் குழந்தை பிறப்பதே நின்றுவிட்டதைத் தமக்குள் பேசிக் கண்டறிந்தனர். சோதித்தபோது பலரின் விந்தில் அணுக்கள் மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருந்தன. டிபிசிபி என்ற நூற்புழுக் கொல்லி அதற்குக் காரணம். நூற்புழு என்பது பயிரின் வேரைத் தாக்கும் நுண்ணிய புழு. ஐந்தாண்டுக்குப் பின், 1982இல், பூச்சிக்கொல்லிகளுக்கு எதிரான பன்னாட்டு வலையமைப்பான 'பான்' பினாங்கில் தோன்றியது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அப்போதே அத்துறையில் முனைப்பாக இயங்கி வந்தது. 'பான்' 1985இல் அறிவித்த கொடிய பூச்சிக்கொல்லிகளின் பட்டியலில் டிபிசிபியும் இடம்பெற்றது. 1972 முதல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் வளர்ந்த மின்னணுத் தொழிலுக்கும் இதையொத்த பாடம் உண்டு. உலகெங்கும் சில்லுத் தயாரிப்பில் புழங்கிய கிளைக்கால் ஈதர்களில் சில, விலங்குகளின் விரைகளைச் சிதைப்பது தெரிந்தபின் படிப்படியாகக் கைவிடப்பட்டன.

உலக அளவில் விந்தின் தரம் சரிகிறதா என்ற விவாதம் 1992இல் டென்மார்க் ஆய்வாளர்களால் கிளம்பியது. 1940க்கும் 1990க்கும் இடையே சராசரி, மில்லிலிட்டருக்கு 11.3 கோடியிலிருந்து 6.6 கோடியாக இறங்கியதாக அவர்கள் கணக்கிட்டனர். ஹகாய் லெவின் தலைமையிலான குழு 2017இல், மேலை நாடுகளில் 1973க்கும் 2011க்கும் இடையே பாதிக்கு மேல் வீழ்ச்சி என்றது. எண்ணும் முறை காலத்துக்குக் காலம் மாறியதையும், மாதிரி கொடுக்க வருபவர்கள் பொதுமக்களின் பிரதிநிதிகள் அல்லர் என்பதையும் எதிர்ப்பாளர்கள் சுட்டுகிறார்கள். பிறப்பு குறைவதை இதனோடு முடிச்சுப் போடுவது தவறு. மலேசியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1970இல் 4.9 ஆக இருந்த குழந்தைப் பிறப்பு 2022இல் 1.6 ஆனது, பினாங்கு மிகக் குறைந்த மாநிலங்களுள் ஒன்று. தாமதத் திருமணம், கல்வி, வீட்டு விலை, குழந்தை வளர்ப்புச் செலவு ஆகியவையே அதற்கு முதற்காரணங்கள்.

ஆண்மைக்கு என்று மலேசியச் சந்தையில் விற்கும் தொங்காட் அலி வேரைப் பற்றி 2010இல் ஓர் ஆய்வு வெளியானது. சாறு கொடுக்கப்பட்ட 350 பேரில் முதல் மூன்று மாதச் சுற்றை முடித்த 75 பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. மருந்து கொடுக்காத ஒப்பீட்டுக் குழு இல்லாததால் அது உறுதியான சான்றாகாது. டப்பாவின் மேலே அச்சிடும் வாக்குறுதிக்கு அது போதாது.

சிகிச்சை காரணத்தைப் பின்பற்றும். சிரைப் புடைப்புக்கு அறுவை, விரைகளைத் தூண்டும் ஹார்மோன் குறைந்தால் அதன் ஊசி, எண்ணிக்கை சற்றே குறைந்தால் கழுவித் தேர்ந்த விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்துதல், மிகவும் குறைந்தால் ஒற்றை விந்தணுவை நேரே முட்டைக்குள் செலுத்தும் முறை. 1992இல் பிரசல்ஸ் ஆய்வாளர்கள் அறிவித்த இம்முறைக்குப் பிறகு, விரையிலிருந்தே எடுத்த சில அணுக்களும் போதுமானவை ஆயின. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் இச்சேவை பெரிதும் தனியார் மையங்களில் கிடைக்கிறது. மேடானிலிருந்து விமானமேறி வரும் சுமத்ரா தம்பதிகளும் அவற்றை நாடுகிறார்கள். 2020 முதல் ஊழியர் சேமநிதியிலிருந்து இதற்குப் பணம் எடுக்கலாம். வருமான வரிக் கழிவும் உண்டு. முஸ்லிம் தம்பதிகளுக்குக் கணவனின் விந்தணு மட்டுமே, அதுவும் மணஉறவு நிலைத்திருக்கும்போது மட்டுமே அனுமதி. பிறர் தானம் விலக்கப்பட்டது. புற்றுநோய்க்கு மருந்தோ கதிரோ பெறப்போகும் இளைஞர்கள் அதற்கு முன்பே விந்தை உறையவைத்துக் கொள்ளலாம். திரவ நைட்ரசனில் அது பல ஆண்டுகள் கெடாது. சிகிச்சை தொடங்கிய பின் எடுக்கும் மாதிரியில் மரபுச் சிதைவு இருக்கக்கூடும் என்பதால், முதல் மருந்து ஏறுவதற்கு முந்தைய நாள்களிலேயே இது முடிந்தாக வேண்டும்.