மரத்தின் காயம் ஆறுவதுண்டோ?

வெட்டுவாயில் மருந்து பூசினால் மரம் குணமாகுமென நெடுங்காலம் நம்பப்பட்டது. மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் தோட்டக் கண்காணிப்பாளரான வில்லியம் போர்சைத், சாணம், பழஞ்சுண்ணாம்பு, மரச்சாம்பல், மணல் ஆகியவற்றைக் குழைத்த பூச்சொன்றின் செய்முறையை 1791இல் வெளியிட்டார். கப்பல் கட்டக் கருவாலி மரங்களை நாடிய பிரித்தானிய அரசு அவருக்குப் பணப்பரிசு வழங்கியது.

1970களில் அமெரிக்க வனவியலாளர் அலெக்ஸ் ஷைகோ, மரங்களைப் பிளந்து ஆராய்ந்து, அவற்றின் காயம் ஆறுவதில்லை என்று காட்டினார். பழுதுற்ற பகுதியை மரம் உள்ளே சுவரிட்டு அடைக்கிறது. வெளியே, விளிம்பிலிருந்து புதுத்திசு வளர்ந்து மூடுகிறது. பூச்சு உட்சிதைவைத் தடுப்பதில்லை.

பொன்சாய் என்னும் குறுமரம் வளர்ப்போர் பெருங்காயத்தைக் கூரிய கத்தியாற் சற்றே குழிவாகச் செதுக்குவர். விளிம்பு உலராதிருக்கவே பசை பூசுவர். பின்னர் மரத்தைச் சில ஆண்டுகள் தழைக்க விடுவர். மூடுந் திசுவை ஊட்டுவன இலைகளே.