மறையுரையில் வாசிக்கப்பட்ட பெயர்கள்

மத்திய அமெரிக்க நாடான எல் சல்வடோரின் தலைநகர் சன் சல்வடோரில் 1977 இல் பேராயரானவர் ஒஸ்கார் ரொமேரோ. அரசியலில் தலையிடாதவர் என்று கருதப்பட்டவர். பதவியேற்ற சில வாரங்களில், விவசாயிகளிடையே பணியாற்றிய அவரது நண்பர், இயேசு சபைக் குரு ருத்திலியோ கிராந்தே சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதன்பின் ரொமேரோவின் ஞாயிறு மறையுரைகளில் இறைவார்த்தை விளக்கத்தைத் தொடர்ந்து அந்த வாரத்து நிகழ்வுகள் வந்தன. கொல்லப்பட்டோர், கைதானோர், காணாமல் ஆக்கப்பட்டோரின் பெயர்களை அவர் வாசித்தார். குடும்பங்கள் கொண்டுவந்த முறைப்பாடுகளைத் திருச்சபையின் சட்ட உதவி அலுவலகம் விசாரித்துப் பதிவுசெய்தது. பத்திரிகைகள் எழுதாததை மறைமாவட்ட வானொலி கிராமங்களுக்குக் கொண்டுசென்றது. அந்நிலையம் குண்டுவைத்துத் தாக்கப்பட்டது. ஆயுதக் குழுக்களின் ஆட்கடத்தல்களையும் அவர் கண்டித்தார்.

1980 மார்ச் 23 அன்று, மக்களைக் கொல்லும் கட்டளைக்குப் பணியவேண்டாம் எனப் படையினரிடம் கேட்டார். மறுநாள் மாலை திருப்பலி ஒப்புக்கொடுக்கையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உத்தரவிட்டவர் முன்னாள் இராணுவ அதிகாரி ரொபேர்ட்டோ தோபுய்சோன் என 1993 இல் ஐ.நா. உண்மை ஆணைக்குழு அறிவித்தது. அவர் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார், தண்டனை எதுவுமின்றி.

2018 இல் ரொமேரோ புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருடைய மறையுரைகள் ஒலிப்பதிவாகவும் எழுத்தாகவும் காக்கப்பட்டுள்ளன. அவர் வாசித்த பெயர்களும் அவற்றில் இருக்கின்றன.