அரை என்னும் எண்ணும் போடி மலையும்

பாலக்காட்டின் எல்லையூர்களிலும் இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களிலும் தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. அங்குப் பயின்று மேல்வகுப்பை அடையும் மாணவர், பிற நாட்டு மாணவர்களைப் போலவே, இரசாயன நூலின் தொடக்கத்தில் நான்கு குவாண்டம் எண்களைக் காண்கின்றனர். முதல் மூன்றும் ஒருவாறு விளங்குகின்றன. முதன்மை எண் எலெக்ட்ரானின் ஆற்றல் நிலையைக் குறிக்கும். கோண உந்த எண் அதன் மண்டில வடிவைக் குறிக்கும். காந்த எண் அவ்வடிவு நோக்கும் திசையைக் குறிக்கும். நான்காவதாகிய தற்சுழற்சி எண்ணோ, கூட்டல் அரை அல்லது கழித்தல் அரை என நின்றுவிடுகிறது. மேல்நோக்கி ஓர் அம்பு, கீழ்நோக்கி ஓர் அம்பு என்று மாணவர் அதனை மனனம் செய்து தேர்வெழுதுகின்றனர். இவ்வரை எங்கிருந்து வந்தது என்பதை நாம் சிறிது ஆராய்வோம். அதன் வரலாறு ஐரோப்பாவில் தோன்றி, தமிழர் உழைத்த கோலார் வழியாக, இடுக்கியின் எல்லை மலை வரை வருகிறது.

காந்தப் புலத்தில் வைக்கப்பட்ட அணுக்களின் ஒளிக்கோடுகள், மூன்று எண்களைக் கொண்டு விளக்கவியலாத வகையில் பிளவுபட்டன. 1922-ஆம் ஆண்டில் ஸ்டெர்ன், கெர்லாக் என்போர் வெள்ளி அணுக்களின் கற்றையைச் சீரற்ற காந்தப் புலத்தில் செலுத்தியபோது, அது இரண்டாகப் பிரிந்தது. இரண்டே மதிப்புகளை ஏற்கும் நான்காம் எண் ஒன்று வேண்டும் என்றும், ஓர் அணுவில் எந்த இரண்டு எலெக்ட்ரான்களுக்கும் நான்கு எண்களும் ஒன்றாக இரா என்றும் 1925-இல் பௌலி உரைத்தார். அவ்வாண்டிலேயே ஊலன்பெக், கவுட்ஸ்மிட் என்னும் இளைஞர் இருவர், அவ்வெண்ணை எலெக்ட்ரானின் தற்சுழற்சி எனக் கூறினர்.

ஆயினும் பம்பரத்தை இங்கு நினைத்தல் பிழையாகும். எலெக்ட்ரானைச் சிறு உருண்டையாகக் கருதினால், அதன் மேற்பரப்பு ஒளியினும் விரைந்து சுழல வேண்டிவரும், அது நடவாது. நிறையும் மின்னூட்டமும் போலத் தற்சுழற்சியும் அதன் பிறவிக் குணமே. அதன் பயனோ பெரிது. 1, 4, 9 என்னும் மண்டிலத் தொகைகள் இரட்டித்து 2, 8, 18 ஆவது அதனால்தான். அது இல்லையாயின் ஐதரசனின் முதற்கூடு ஓர் எலெக்ட்ரானாலேயே நிறைந்துவிடும். நாம் அறிந்த நீர் அமைந்திராது.

இனி, பௌலி பார்த்த கணக்கைக் காண்போம். நைட்ரஜன் அணுக்கருவில் 14 புரோட்டான்களும் 7 எலெக்ட்ரான்களும் உள்ளன என்று அந்நாளில் எண்ணினர். ஆக, 21 அரைகள். முற்காலத்து அரையணா நாணயம் இருபத்தொன்றை எவ்வாறு கூட்டினும் கழிப்பினும் முழு அணாக் கணக்கு வாராது. ஆனால் சோதனையில் கண்டதோ முழு எண். பீட்டாச் சிதைவிலும் ஆற்றல் கணக்குக் குறைந்தது. இவ்விரு குறைகளையும் தீர்க்க, மின்னூட்டமற்ற, அரைச் சுழற்சியுடைய புதிய துகள் ஒன்று இருத்தல் கூடும் என 1930 டிசம்பர் 4-ஆம் நாள் பௌலி கடிதம் எழுதினார். 1932-இல் சாட்விக் கண்ட நியூட்ரான் நைட்ரஜனின் புதிரைத் தீர்த்தது. எனினும், நியூட்ரான் சிதைந்து புரோட்டானும் எலெக்ட்ரானும் ஆகும்போது, ஓர் அரை இரண்டு அரைகளாகிறது. மூன்றாவது அரை ஒன்று இருந்தாலன்றிக் கணக்கு ஒவ்வாது. அதுவே நியூட்ரினோ. 1956-இல் ரெய்ன்ஸ், கோவன் ஆகியோர் அதனை அணு உலையருகே கண்டனர்.

வான்வெளியில் பிறக்கும் நியூட்ரினோவின் சுவடு 1965-இல், அன்றைய மைசூர் மாநிலத்துக் கோலார் தங்கச் சுரங்கத்தில், நிலத்தின்கீழ் இரண்டு கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் பதிவாயிற்று. டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பானிய, ஆங்கில அறிஞரும் அதில் ஈடுபட்டனர். தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் அவ்வாண்டே அது காணப்பட்டது. கோலாரின் ஆழத்தைத் தலைமுறை தலைமுறையாக வெட்டியவர்களுள் பெரும்பாலோர், பிழைப்புநாடிச் சென்ற நம் தமிழ்த் தொழிலாளரே. தங்கத்திற்காக அவர்கள் அகழ்ந்த குழி அறிவுக்கும் பயன்பட்டது. அச்சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது.

அதன்பின் தேனி மாவட்டத்துப் பொட்டிபுரத்தில், போடி மேற்கு மலையைக் குடைந்து, 50,000 டன் காந்தமேற்றிய இரும்பைக் கொண்டு நியூட்ரினோக் கூடம் அமைக்கும் திட்டம் எழுந்தது. 2015-இல் மத்திய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் அளித்தது. மலைக்கு அப்பால் இடுக்கியின் மதிகெட்டான் சோலை. இப்பால் நீரை நம்பிய வேளாண்மை. மலையும் நீரூற்றும் என்னாகும் என்று மக்கள் கேட்டனர். 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018-இல் அனுமதி மீண்டும் வழங்கப்பட்டது. 2022-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது.

மலையடிவாரத்து உழவன் கேட்ட கேள்வி எளியதன்று. அறிஞர் தேடும் பொருளும் சிறியதன்று. இவ்விரண்டையும் தூக்கிப் பார்க்கும் திறம், கல்வியால் வருவது. வெளிமாநிலங்களில் வாழும் நம் இல்லத்துப் பிள்ளைகள் அந்த இரு அம்புகளையும் வரையும்போது, அவை எதனைக் குறிக்கின்றன என்று கேட்குமாறு பழக்குவோமாக. கேட்டுக் கற்ற பிள்ளையே நாளை மலையைப் பற்றியும் தெளிவாகப் பேச வல்லதாகும்.