மறுக்க முடியாத வைத்தியர்

மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டித் தெற்கே இறங்கினால் இடையஞ்சாவடி, புதுச்சேரி, அப்புறம் கடலூர். 1711இல் இந்தக் கரையில் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. கடலூரை ஒட்டிய புனித டேவிட் கோட்டை ஆங்கிலக் கம்பெனியிடம் இருந்தது. அந்த ஆண்டு கடலூரில் நின்ற ‘ஷெர்போர்ன்’ கப்பலிலிருந்து வில்லியம் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் தப்பி ஓடினார். கப்பல் தலைவனின் கொடுமை தாங்காமல் ஓடியவர் அவர். கல்கத்தா போய்ச் சேர்ந்து கம்பெனியின் மருத்துவராக வேலைக்கு அமர்ந்தார். நான்கே ஆண்டுகளில், ஜான் சர்மன் தலைமையில் டெல்லி சென்ற தூதுக்குழுவோடு போய், முகலாயப் பேரரசர் பரூக்சியரின் நோய்ப்படுக்கை அருகே நின்றார். ஒரு கப்பல் தலைவனிடமிருந்து தப்பிய மனிதர், தப்பவே வழியில்லாத ஓர் அதிகாரத்தின் முன்னால் போய் நின்றார் என்பதுதான் இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது.

ஹாமில்டனைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதை வேறு. பேரரசரைக் குணப்படுத்தினார், என்ன வேண்டும் என்று கேட்டபோது தனக்கென்று எதுவும் கேட்காமல் கம்பெனிக்கு வணிகச் சலுகை கேட்டார், 1717 பர்மான் என்ற அரசாணை கிடைத்தது என்பார்கள். ஆண்டுக்கணக்கு இந்தக் கதைக்கு ஒத்துவரவில்லை. பரூக்சியர் தேறியது 1715 நவம்பரில். அந்த மாத இறுதியிலேயே ஹாமில்டனுக்கு யானை, குதிரை, ஐயாயிரம் ரூபாய், இரண்டு வைர மோதிரங்கள், அவருடைய அறுவைக் கருவிகளைப் போலவே பொன்னில் செய்த கருவிகள் எல்லாம் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டார்கள். பர்மான் வர அதற்கு மேலும் ஓராண்டுக்குமேல் ஆயிற்று. சூரத்திலிருந்து கம்பெனி தன் பண்டகசாலையைக் காலி செய்துகொண்டு போய்விடும் என்ற அச்சம் தர்பாரை எட்டிய பிறகே காரியம் நகர்ந்தது. திருவொற்றியூர், நுங்கம்பாக்கம் முதலான ஐந்து ஊர்கள் சென்னைக் கம்பெனிக்கு உறுதியானதும் அந்தப் பர்மானில்தான். அதை ஒரு வைத்தியரின் தியாகமாகச் சுருக்கிவிட்டதால், அந்த வைத்தியருக்கு உண்மையில் என்ன நேர்ந்தது என்பது மறைந்துபோனது. 1717இல் தூதுக்குழு ஊர் திரும்பப் புறப்பட்டபோது பரூக்சியர் அவரை விட மறுத்தார். மனைவி மக்களைப் பார்த்துவிட்டு மருந்துகளோடு திரும்பி வருகிறேன் என்று வாக்குக் கொடுத்த பிறகே விடுதலை கிடைத்தது. கல்கத்தா சேர்ந்து அந்த டிசம்பரிலேயே ஹாமில்டன் இறந்தார். செய்தியை நம்பாத பேரரசர், உண்மைதானா என்று விசாரித்து வர ஆள் அனுப்பினார்.

வள்ளுவர் மருத்துவத்தின் நான்கு உறுப்புகளை எண்ணும்போது நோயாளியைத்தான் முதலில் வைக்கிறார். வைத்தியமும் மருந்தும் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நோயாளி கேட்டு நடக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லவும், கேட்காவிட்டால் விலகிப் போகவும் வைத்தியருக்கு இடமிருக்க வேண்டும். கட்டற்ற அதிகாரம் இந்த இரண்டையும் முதல் நாளே பறித்துவிடுகிறது. ஆகவே, நாட்டிலேயே சிறந்த வைத்தியரை அழைத்து வைத்துக்கொள்ளும் சர்வாதிகாரிக்கு, சாதாரணக் குடிமகனுக்குக் கிடைக்கும் வைத்தியம்கூடக் கிடைப்பதில்லை என்பதே என் வாதம்.

ஹாமில்டன் குணப்படுத்தினாரே என்று கேட்கலாம். குணப்படுத்தினார். ஆனால் அவருக்குச் சோறு போட்டது தர்பார் அல்ல, கம்பெனி. திரும்பிப் போக ஓர் இடம் இருந்தது, அவரைத் திருப்பிக் கேட்க ஆட்களும் இருந்தார்கள். அந்தச் சுதந்திரத்தோடு வந்தவரைத்தான், குணமான கையோடு, சுதந்திரம் இல்லாதவராக மாற்றிக்கொள்ளப் பரூக்சியர் முயன்றார்.

அக்காலத்து மருத்துவமே குறைபட்டது, அதற்கு அதிகாரத்தைக் குற்றம் சொல்வானேன் என்றும் கேட்கலாம். அப்படியானால் 20ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். 1952 தொடக்கத்தில் பேராசிரியர் விநோகிராதோவ் ஸ்டாலினைப் பரிசோதித்து, வேலைகளை விட்டு முழு ஓய்வு எடுக்க வேண்டும் என்றார். சரியான ஆலோசனை அது. ஸ்டாலினின் காதில் அது பதவியைப் பறிக்கும் சதியாக விழுந்தது. அந்த நவம்பரில் விநோகிராதோவ் கைதானார். 1953 ஜனவரி 13இல் ‘மருத்துவர் சதி’ என்று பிராவ்தா நாளிதழ் அறிவித்தது. மார்ச் 1ஆம் தேதி ஸ்டாலின் பக்கவாதத்தில் தரையில் கிடந்தபோது, கூப்பிடாமல் அறைக்குள் நுழையக் காவலர்களுக்குத் துணிவில்லை. இரவில்தான் கண்டார்கள், மருத்துவர்கள் வந்தது மறுநாள் காலையில். ஆண்டுக்கணக்கில் அவரைப் பார்த்து வந்த மருத்துவர் அப்போது சிறையில் இருந்தார். இங்கே குறைபட்டது மருத்துவ அறிவு அல்ல.

ஹிட்லரிடம் இது வேறு வடிவம் எடுத்தது. 1936 முதல் அவரைக் கவனித்த தியோடர் மோரல், கேட்டபோதெல்லாம் ஊசி போட்டார். வாயுத்தொல்லைக்கு அவர் கொடுத்த மாத்திரைகளில் அட்ரோபினும், எட்டிக்கொட்டையில் உள்ள ஸ்டிரிக்னினும் இருப்பதை 1944இல் காது மூக்கு தொண்டை மருத்துவர் கீசிங் கண்டுபிடித்தார். பிராண்ட், ஹாசல்பாக் என்ற மற்ற இரு மருத்துவர்களும் மோரலை எதிர்த்தார்கள். மூவரும் வெளியேற்றப்பட்டார்கள், மோரல் நீடித்தார். மோரல் ஒரு மோசமான ஆள், அவ்வளவுதானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. எச்சரித்தவர் போக வேண்டும், இசைந்தவர் இருக்கலாம் என்ற விதி நடக்கும் இடத்தில், கடைசியில் எஞ்சுபவர் மோரலாகத்தான் இருப்பார்.

ஜனநாயகத் தலைவர்களின் மருத்துவர்கள் மட்டும் உண்மை பேசினார்களா? அதே 1953 ஜூனில் சர்ச்சிலுக்குப் பக்கவாதம் வந்தது. பத்திரிகை முதலாளிகள் இசைய, நாட்டுக்கே அது மறைக்கப்பட்டது. இது தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பொய் சொல்லப்பட்டது மக்களிடம். சர்ச்சிலின் மருத்துவர் மோரன் பிரபு, தம் நோயாளியிடம் உண்மையைச் சொன்னதற்காகச் சிறைக்குப் போக நேரவில்லை. 1966இல் எல்லாவற்றையும் புத்தகமாகவே வெளியிட்டார்.

இதெல்லாம் கொடுங்கோலர்கள் மீது இரக்கப்படுவதாகத் தோன்றலாம்; அவர்கள் நோயில் கிடந்தால் நமக்கென்ன என்று கேட்பதும் நியாயமே. இதற்குப் பாரசீக மன்னர் நாதிர் ஷாவின் கதை பதில் சொல்கிறது. 1739இல் டெல்லியைச் சூறையாடியவர், முகலாய அரண்மனை ஹக்கீம் அலவி கானையும் கூட்டிக்கொண்டு போனார். அலவி கான் ஒரு நிபந்தனை போட்டார்: குணமானதும் ஹஜ் யாத்திரைக்கு விட வேண்டும். போகும் வழியை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டதால், அவரால் மன்னரிடம் மனம்விட்டுப் பேச முடிந்தது என்று நினைக்கிறேன். அவர் அருகில் இருந்த காலத்தில் நாதிரின் உடலும் சினமும் தணிந்திருந்தன என்று, 1741இல் அவரோடு யாத்திரை சென்ற கவாஜா அப்துல் கரீம் எழுதி வைத்திருக்கிறார். அலவி கான் விடைபெற்ற மறு ஆண்டே நாதிர் தன் மூத்த மகன் ரெசா குலியின் கண்களைப் பிடுங்கினார். மகன் தன்னைக் கொல்ல ஆள் ஏவினான் என்ற ஐயம் அதற்குக் காரணம். வைத்தியர் இருந்திருந்தால் நடந்திருக்காது என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் 1747இல் தன் தளபதிகள் கையாலேயே கொல்லப்படும்வரை நாதிரின் நோயும் வெறியும் முற்றிக்கொண்டே போயின. வரி கட்ட முடியாமல் வதைபட்ட பாரசீகக் குடிகள்தான் அந்த ஆண்டுகளின் விலையைக் கொடுத்தார்கள்.