லயத்து வாழ்வும் பால்புதுமை இளையோரும்: எஹலியகொடத் தோட்டப்புறத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

எஹலியகொடையைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களில், ஒரே கூரையின்கீழ் அடுத்தடுத்து நிற்கும் லயக் காம்பிராக்களிலே, ஒரு வீட்டின் சச்சரவு இஸ்தோப்பைத் தாண்டுமுன் பத்து வீட்டின் விவகாரமாகிவிடுகிறது. ஆதலால், தற்பாலீர்ப்புடைய பிள்ளையும், பிறந்த பாலோடு மனம் பொருந்தாத பிள்ளையும் அனுபவிக்கும் ஹிம்சையை ஆராய்பவர் அடியையும் வசவையும் மாத்திரம் கணக்கெடுத்தல் போதாது. ரகசியம் என்ற ஒன்றைக் காக்கவியலாத வாசஸ்தலமே அந்த ஹிம்சைக்கு மூலகாரணங்களுள் ஒன்றாகிறது என்பது என் அபிப்பிராயம்.

நமது சம்பிரதாயம் இத்தகையோரை அணைத்தே வந்தது எனச் சிலர் வாதிப்பர். மலையகத்தில் மாசி மாதத்துக் காமன் கூத்தில் ரதி வேடம் தரிக்கும் ஆடவனை ஊரார் பயபக்தியோடு நோக்குவது மெய்யே. ஆயினும் அதே நளினம் வேஷமின்றி ஒரு பையனிடத்தில் வெளிப்படுமாயின், பள்ளிக்கூடத்து வழியெங்கும் ‘ஒன்பது’ என்ற ஏச்சே அவனைத் தொடரும். பாத்திரத்துக்குக் கிடைத்த மரியாதையை மனிதனுக்குக் கிடைத்ததாக எண்ணுவது வாதமாகாது.

சட்டமோ இந்நிலையை உறுதிப்படுத்துகிறது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் தற்பாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகளுள் பின்னது, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பெண்களையும் உள்ளடக்கலாயிற்று. வயதுவந்தோரின் சம்மத உறவைக் குற்றமற்றதாக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்மானித்தும், 2024இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டதோடு அது காலாவதியாயிற்று. வழக்குகள் அரிதென்பது ஆறுதலாகாது. முறைப்பாடு செய்யப் போகிறவன் தானே குற்றவாளியாக நேருமோ என்று அஞ்சி வாய் மூடுவதே இப்பிரிவுகளின் மெய்யான பலன்.

எஹலியகொட அமைந்துள்ள சபரகமுவையில் நிர்வாக மொழி சிங்களம். தமிழிலே முறையிட ஒருவனுக்குச் சட்டப்படி உரிமையுண்டெனினும், தமிழறிந்த உத்தியோகத்தர் இல்லாத வேளையில் தகப்பனோ தோட்டத் தலைவரோ இடைநின்று மொழிபெயர்க்க நேர்ந்தால், அடித்தவனே சாட்சியத்தைச் சொல்லித்தருபவன் ஆகிவிடக்கூடும். இந்தச் சின்ன ஏற்பாட்டின் கொடுமையைச் சமூகப் பணியாளர் ஒருவரும் இலேசாக எண்ணலாகாது.

குடும்பத்தோடு பிள்ளையை மீண்டும் சேர்த்துவைப்பதே நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் துறையின் பொதுவான நோக்கு. பெரும்பாலான சிறார் விஷயத்தில் அது நியாயமுமாகும். ஆனால் இங்கே வீடே அபாயத்தின் ஸ்தானமாயிருக்க, ‘புத்தி சொல்லி அனுப்பினோம்’ என்று கோப்பை மூடுவது பிள்ளையை அடிப்பவனிடமே திருப்பி ஒப்படைப்பதாகும். 1990ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார ஸ்தாபனம் தற்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. அவ்வாறிருக்க, ‘குணப்படுத்த’ முனையும் ஆலோசனை எவ்விதத்திலும் சமூகப் பணியாகாது.

முதலில் வேண்டுவது பெரிய திட்டமன்று. தோட்டத்தோடு உறவில்லாத தமிழறிந்த பெண்ணோ ஆணோ ஒருவர், பிரதேச செயலகத்தில் குறித்த நாளில், கதவடைத்த அறையில், பெற்றோரை வெளியே இருத்திப் பிள்ளையின் சொல்லைக் கேட்கவேண்டும். அச்சொல்லில் எதை, யாரிடம் வெளியிடுவது என்பதைப் பிள்ளையின் சம்மதத்தோடு தீர்மானித்து, உயிருக்கு ஆபத்துள்ளவிடத்து மாத்திரம் விதிவிலக்குண்டு என்பதையும் முன்கூட்டியே பிள்ளைக்குச் சொல்லிவிடவேண்டும். 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தைப் பள்ளிச் சுவரில் எழுதிவைப்பது நன்றே. ஆனால் வீட்டுக்கு ஒரு கைத்தொலைபேசி, அதுவும் தகப்பன் சட்டைப்பையில் என்றிருக்கும் லயத்திலே, அந்த இலக்கத்தை அழைக்க வழியற்ற பிள்ளைக்கு அவ்வறையின் கதவே திறந்திருத்தல் வேண்டும்.