உதவி என்று போடப்பட்ட பெயர்

படம் முடிந்து எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் அந்த அம்மா கேட்டார்: "பாப்பா, உன் பேரு எங்க?"

பதினோரு நிமிடக் குறும்படம். எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில் அவர்கள் வீட்டிலேயே என் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தோம். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மகள் திரையைத் தொட்டுக் காட்டினாள். "தோ, கடைசில இருக்குது பாரு." 'உதவி' என்ற சொல்லுக்குக் கீழே இருந்த நான்கு பெயர்களில் அவளுடையதும் ஒன்று. டீ வாங்கி வந்த பக்கத்து வீட்டுப் பையனின் பெயரும் அங்கேதான் இருந்தது.

அவர்கள் என் இரண்டாமாண்டுத் தமிழ் இலக்கிய மாணவர்கள். மூன்று பையன்கள், இரண்டு பெண்கள். ஊடகத் தமிழ்த் தாளுக்குக் குழுவாக ஒரு குறும்படம் எடுக்க வேண்டும். 2023 டிசம்பர் 26 இரவை எடுத்துக்கொண்டார்கள். அன்று நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில், உரத் தொழிற்சாலை ஒன்றுக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சுத் திணறி, மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து தெருவுக்கு ஓடினார்கள். சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26. அதே தேதி, 19 ஆண்டு கழித்து.

அந்த அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையில் விற்பவர். வாயுக் கசிவன்று மகளோடு பெரியகுப்பத்தில் அக்கா வீட்டில் இருந்திருக்கிறார். முதலில் கேமரா முன் உட்கார மறுத்துவிட்டார். மகள்தான் இரண்டு நாள் கூடவே மீன் விற்கப் போய்ப் பேசிச் சம்மதிக்க வைத்தாள். கேள்விகளை எழுதியவள் அவள். ஒலி சரியாகப் பதிய மின்விசிறியை நிறுத்தியவள், கீழ்வீட்டில் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னவள், எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்கும் நேரமாகப் பார்த்துப் படப்பிடிப்பை வைத்தவளும் அவள்தான். எழுதிவைத்த கேள்விகளில் இல்லாத ஒன்றை நடுவில் அவளே கேட்டாள்: "என்னைய எப்படிமா தூக்கினு ஓடுன?" அதற்கு வந்த பதில்தான் அந்தப் படம். "அலை வந்தப்போ உன்ன இடுப்புல வச்சினு ஓடுனேன். காத்து வந்தப்போ நீ என் கையப் புடிச்சி இழுத்துனு ஓடுன."

இயக்குநர் என்று போடப்பட்டிருந்தது கைப்பேசியின் சொந்தக்காரனான பையனின் பெயர். அவனைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு அனுப்பும் படிவத்தில் 'இயக்குநர்' என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது. அதில் அவன் பெயரை எழுதியதும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான். பெண்ணெழுத்து பற்றிப் பதினைந்து ஆண்டாக வகுப்பெடுக்கிறேன். அந்தக் கட்டத்தைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை.

அன்றிரவு வீடு திரும்பும்போது 1936ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது.

அந்த ஆண்டு இரண்டு படங்கள் வந்தன. ஒன்று 'சதிலீலாவதி'. எம்.ஜி.ஆர். அறிமுகமான படம் என்று எல்லோருக்கும் தெரியும். அதை இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைப்படம் படித்தபோது உடன் படித்த மாணிக் லால் டாண்டனின் அழைப்பில் 1935இல் இந்தியா வந்தவர். தமிழ் தெரியாமலே 1950 வரை தமிழ்ப் படங்கள் எடுத்தார். வகுப்புத் தோழமை அவருக்கு ஒரு துறையின் கதவையே திறந்துவிட்டது.

இன்னொன்று 'மிஸ் கமலா'. டி.பி. ராஜலக்ஷ்மி தாமே எழுதிய நாவலைக் கொண்டு தாமே தயாரித்து, இயக்கி, நடித்த படம். திருவையாற்றில் பிறந்து, சிறு வயதில் நடந்த மணம் முறிந்து, நாடக மேடைக்கு வந்தவர் அவர். 1931இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்'. அதன் நாயகி என்று பொது அறிவுப் புத்தகங்கள் அவரைச் சொல்லும். தமிழின் முதல் பெண் இயக்குநர் என்பதைப் பல புத்தகங்கள் சேர்த்துச் சொல்வதில்லை. 'மிஸ் கமலா'வின் படச்சுருள் இன்று இல்லை. அவர் இயக்கினார் என்பதற்கு மிஞ்சியிருப்பது அச்சில் பதிந்த பெயர் மட்டுமே. அன்று அந்தப் பெயருக்கு நேரே 'நடிகை' என்று மட்டும் போட்டிருந்தால், அவர் செய்த மற்ற வேலையெல்லாம் சுருளோடு சேர்ந்து போயிருக்கும்.

மாணவர்கள் குழுவாகப் படம் எடுப்பதற்கும் நம்மிடம் பெருமைமிக்க முன்கதை உண்டு. 1986இல் ஆபாவாணன் எழுதி, ஆர். அரவிந்தராஜ் இயக்கிய 'ஊமை விழிகள்', சென்னைத் திரைப்படக் கல்லூரியில் படித்தவர்களாலும் பெரிய திரையில் வெற்றி பெற முடியும் என்று காட்டிய படம். கதையில் பெண்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். எழுதியவர், இயக்கியவர், ஒளிப்பதிவு செய்தவர் எல்லோரும் ஆண்கள். அதற்கு முந்தைய ஆண்டு 'சின்ன வீடு' படத்துக்கு ஒளிப்பதிவு செய்து, ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்று பேசப்பட்ட பி.ஆர். விஜயலட்சுமி, அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றவர். 'உதவி' என்பது இழிவான சொல் இல்லை என்பதற்கு அவரே சாட்சி. அந்தச் சொல்லிலிருந்து ஒரு பெண் மேலே ஏறுகிறாளா, அங்கேயே நிறுத்தப்படுகிறாளா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வேறு விதமாகவும் குழுக்கள் இயங்கியிருக்கின்றன. 1980இல் பெங்களூரில் தீபா தன்ராஜ், அபா பையா, மீரா ராவ், நவ்ரோஸ் கான்ட்ராக்டர் ஆகியோர் 'யுகாந்தர்' என்ற திரைப்படக் கூட்டியக்கத்தைத் தொடங்கினார்கள். 1983க்குள் நான்கு படங்கள் எடுத்தார்கள். புனேயில் வீட்டுவேலை செய்யும் பெண்களைப் பற்றி ஒன்று, நிப்பாணியின் புகையிலைத் தொழிலாளப் பெண்களைப் பற்றி ஒன்று. எதை எப்படிக் காட்டுவது என்பதை அந்தத் தொழிலாளிகளோடு உட்கார்ந்து பேசியே முடிவு செய்தார்கள். ஹைதராபாத்தின் ஸ்திரீ சக்தி சங்கடனா அமைப்போடு சேர்ந்து எடுத்த 'இதி கதா மாத்ரமேனா' குடும்ப வன்முறை பற்றிய சிறு கதைப்படம். பெண்கள் தங்களுக்கு நடந்ததைக் கூடிப் பேசியதிலிருந்து அதன் கதை உருவானது. அதே அமைப்பு தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில் இருந்த பெண்களின் வாய்மொழி வரலாற்றை 1986இல் தெலுங்கில் நூலாக்கியது. 'நமக்குத் தெரியாத நம் வரலாறு' என்பது அந்தத் தலைப்பின் பொருள். ஆசிரியர் இடத்தில் இருப்பது அமைப்பின் பெயர்.

இவர்களிடம் நான் கற்றுக்கொண்டது ஒன்று. கேமரா ஒரு வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் நடக்கும் வேலையும் படம் எடுக்கும் வேலைதான். வாசலில் நின்று பேசுவது, நம்பிக்கை பெறுவது, அழும்போது ஒளிப்பதிவை நிறுத்தச் சொல்வது. சினிமாவின் பெயர்ப் பட்டியலில் இதற்கு ஒரு சொல் கிடையாது. நம் வீடுகளைப் போலவே அங்கும் பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை இது. பெயரில்லாத வேலை, செய்தவளின் சுபாவமாகிவிடுகிறது. "அவ நல்லாப் பேசுவா மேம்" என்று அந்தப் பையன் சொன்னதும் அதைத்தான்.

மறுவாரம் ஐவரையும் உட்கார வைத்தேன். யார் என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொருவரும் தாளில் எழுதுங்கள் என்றேன். பையன் முகம் சுருங்கியது. "ஷாட் எல்லாம் நான்தானே மேம் பிரிச்சேன். எடிட்டிங்குக்கு மூணு நாள் தூங்கல." உண்மைதான். அதையும் எழுது என்றேன். அவள் தன் தாளில் "அம்மாவிடம் பேசினேன்" என்று ஒரு வரி எழுதி நிறுத்திக்கொண்டாள். அதைப் பார்த்துவிட்டு இன்னொரு மாணவி பேனாவை வாங்கி, கேள்விகள், ஒலி, நேரம் என்று அவளுக்காக எழுதிக் கொடுத்தாள். ஐந்து தாள்களையும் சேர்த்துப் படித்தபோது பையன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "டைட்டில மாத்திடலாம் மேம்" என்றான்.

படத்தின் இறுதியில் இப்போது ஐந்து பெயர்கள் அகர வரிசையில் வருகின்றன. ஒவ்வொரு பெயருக்கு நேரே செய்த வேலை இருக்கிறது. அவள் பெயருக்கு நேரே: உரையாடல், கேள்விகள், ஒலி, இணை இயக்கம்.

போட்டிப் படிவத்தை மாற்ற முடியவில்லை. தேதி முடிந்துவிட்டது என்றார்கள். இரண்டாம் பரிசுச் சான்றிதழ் அவன் ஒருவன் பெயரில் வந்தது. என் கையெழுத்தின் விளைவு அது. அதை நகலெடுத்துத் துறைப் பதிவேட்டில் ஒட்டி, அடியில் ஐந்து பெயர்களையும் வேலைகளையும் என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். இந்த ஆண்டு மாணவர்களுக்குக் கேமராவைத் தொடும் முன் ஒரு நோட்டு கொடுத்தேன். அன்றன்று யார் என்ன செய்தார்கள் என்று அன்றே எழுத வேண்டும்.

திருத்திய படத்தை எடுத்துக்கொண்டு மறுபடி எர்ணாவூர் போனேன். எழுத்துகள் ஓடும் இடத்தில் மகள் நிறுத்தினாள். "படிச்சுக் காட்டு" என்றார் அம்மா. அவள் ஐந்து பெயர்களையும் படித்தாள். தன் பெயர் வந்தபோது குரல் தணிந்தது.

"சத்தமாப் படி" என்றார் அம்மா.