தெருக் கும்பலும் சபையின் கதவும்: சிகாகோ தரும் படிப்பினை

அதுல்லாம் குகையில் தாவீதைச் சுற்றிக் கூடியவர் யாவர் என்பதை 1 சாமுவேல் 22-ஆம் அதிகாரம் மறைக்கவில்லை. கடனாளிகளும் நெருக்குண்டவர்களும் மனம் கசந்தவர்களுமே அங்கு வந்தனர். அமெரிக்கத் தெருக் கும்பல்களின் வரலாற்றைப் படிக்கையில் அக்குகை நம் நினைவுக்கு வருகிறது. இப்பொருள் காவல் துறைக்கே உரியது என்று நாம் ஒதுக்கிவிடல் இயலாது. திருச்சபையும் அவ்வரலாற்றில் பங்குகொண்டுள்ளது.

கும்பல் என்பது ஏதோ ஓர் இனத்தாரின் இயல்பு என்னும் கருத்தை வரலாறு ஏற்பதில்லை. 1857 ஜூலையில் நியூயார்க்கின் ஃபைவ் பாயின்ட்ஸ் பகுதியில் ஐரிஷ் குடியேறிகளின் கும்பலும், குடியேறிகளை வெறுத்த பௌரி பாய்ஸ் கும்பலும் தெருவில் போரிட்டன. 1919-இல் சிகாகோவில் 38 பேரைப் பலிகொண்ட இனக் கலவரத்தில், ராகன்ஸ் கோல்ட்ஸ் என்னும் வெள்ளை இளைஞர் விளையாட்டுச் சங்கம் கறுப்பின மக்களைத் தாக்கியது. 1927-இல் ஃபிரெடெரிக் த்ராஷர் என்னும் சமூகவியலார் அந்நகரில் 1,313 கும்பல்களைக் கணக்கிட்டார். அவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பியக் குடியேறிகளின் பிள்ளைகளைக் கொண்டவை. சிறுவரின் விளையாட்டுக் கூட்டமே பகையைச் சந்திக்கும்போது கும்பலாக இறுகுகிறது என்றும், வீடும் பள்ளியும் சபையும் நிரப்பாத வெற்றிடத்தை அது நிரப்புகிறது என்றும் அவர் கண்டார்.

பின்னர் தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் பெருந்திரளாக வடக்கே வந்தனர். சிகாகோவின் வுட்லான் பகுதியில் அவர்கள் குடியேறியபோது வெள்ளையர் வெளியேறினர். அவர்களோடு வணிகமும் வேலையும் சென்றன. 1960-ஐ ஒட்டி அங்குத் தோன்றிய இளைஞர் கூட்டமே பிளாக்ஸ்டோன் ரேஞ்சர்ஸ்.

1833-இல் நிறுவப்பட்ட முதல் பிரஸ்பிட்டேரியன் சபை அப்பகுதியில் நிலைத்திருந்தது. அதன் போதகர் அருள்திரு ஜான் ஃப்ரை, ரேஞ்சர்கள் கூடுவதற்கு ஆலயக் கட்டடத்தைத் திறந்துவிட்டார். காவல் துறையினர் அறிந்த ஓர் உடன்பாட்டின்படி, அவர்களுடைய ஆயுதங்கள் ஆலயப் பெட்டகத்தில் பூட்டப்பட்டன. 1966-இல் மார்ட்டின் லூதர் கிங் சிகாகோவில் நடத்திய ஊர்வலங்களில், கும்பல்களைச் சேர்ந்த இளைஞர் சிலர் காவலராக நடந்தனர். தம்மேல் கற்கள் விழுந்தபோதும் அவர்கள் திருப்பித் தாக்கவில்லை. வன்முறையன்றி வேறொன்றும் அறியாதவர் எனப்பட்டோரிடம் இத்தகைய பொறுமை வெளிப்பட்டதை நாம் எளிதாகக் கடந்துபோதல் ஆகாது.

ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. 1967-இல் வேலைப் பயிற்சிக்கென நடுவண் அரசு ஒன்பது இலட்சம் டாலருக்கு மேல் வழங்கியது. கும்பல் தலைவர்களே பயிற்சியில் பொறுப்பேற்றனர். 1968-இல் செனட் விசாரணைக் குழு, பணம் முறைகேடாகச் செலவானதென்றும் சபை குற்றத்துக்குத் துணைநின்றதென்றும் குற்றச்சாட்டுகளைக் கேட்டது. ஃப்ரை அவற்றை மறுத்தார். திட்டம் நின்றுபோயிற்று. ரேஞ்சர்களின் தலைவர் ஜெஃப் ஃபோர்ட், அப்பணத்தைக் குறித்த மோசடிக்காக 1972-இல் தண்டனை பெற்றார். 1987-இல் லிபிய அரசோடு சேர்ந்து பயங்கரவாதத்துக்குத் திட்டமிட்டதற்காக மீண்டும் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார்.

இதனால் ஃப்ரை ஏமாந்தவர் என்போரும், தீர்க்கதரிசி என்போரும் உண்டு. நாம் இரு வழக்கையும் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம். கும்பலின் துப்பாக்கியால் மகனை இழந்த தாயும் அதே வுட்லானில் வாழ்ந்தாள். அவளுடைய கண்ணீரை மறக்கும் இரக்கம் சுவிசேஷத்தின் இரக்கமாகாது. கதவைத் திறப்பவன் விழிப்போடும் இருத்தல் வேண்டும். ஆனால் இதையும் நாம் கருத வேண்டும்: பலரும் அப்பகுதியை விட்டு அகன்ற காலத்தில், அவ்விளைஞரைப் பெயர்சொல்லி அழைக்க ஒரு போதகர் இருந்தார். அவர் செய்த பிழைகளை ஆராய நமக்கு உரிமை உண்டு. ஆராயுமுன், நம் ஆலயத் தெருமுனையில் மாலைதோறும் நிற்கும் இளைஞரில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும் என்று நம்மையே கேட்டுக்கொள்வோமாக.